கல்லும் கதையும்: இலோகோஸ் சூர் மாகாணத்தின் நினைவுச் சின்னங்கள்



எனது பழைய மாணவன் ஒருவனிடமிருந்து அண்மையிற் சில படங்கள் கைத்தொலைபேசி வழியாக வந்து சேர்ந்தன. கல்லூரியிலே உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவன் அவன். இப்பொழுது கப்பலொன்றில் இயந்திரப் பகுதியிற் பணியாற்றுகிறான். விடுமுறையிலே தன்னுடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நண்பனுடைய ஊருக்குப் போயிருந்தானாம். அந்த ஊரின் பெயர் விகான். இலோகோஸ் சூர் என்னும் கடற்கரை மாகாணத்தின் தலைநகரம்.

படங்களிலே கல் பாவிய ஒரு வீதி தெரிந்தது. இருமருங்கும் பழைய மாடி வீடுகள். குதிரை வண்டியொன்று போய்க்கொண்டிருந்தது. படங்களின் கீழே அவன் இப்படி எழுதியிருந்தான்: "சேர், இந்த வீதியிலை நடந்தால் இந்த ஊருக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லைப் போலக் கிடக்கு. எங்கட பக்கத்திலை இப்பிடி ஒரு வீதி முழுசா மிஞ்சியிருந்தால் எப்பிடி இருக்கும்!"

அவனது வியப்பு எனக்கு விளங்கியது. ஏக்கமும் விளங்கியது. ஆனால் அவன் எழுதிய முதல் வசனம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கரைச்சலும் வராத ஊர் என்று உலகில் எதுவும் உண்டா? வரலாறு எழுதப்பட்டிருப்பது வீட்டு முகப்பிலா, முற்றத்திலா? இந்தக் கேள்விகளோடு அந்த மாகாணத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். நான் அங்கு சென்றதில்லை. ஆயினும் படித்தவற்றை அவனுக்கு மறுமொழியாக எழுதத் தொடங்கியபோது அது இன்றைய உரையாக நீண்டுவிட்டது.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். பிலிப்பைன்ஸ் தீவுக்கூட்டத்திலே மிகப் பெரிய தீவு லூசோன். அதன் வடமேற்குக் கரையிலே, மேற்கில் தென் சீனக் கடலும் கிழக்கில் கோர்டில்லேரா மலைத்தொடரும் நெருக்க, நடுவே ஒடுங்கிய பட்டிபோலக் கிடப்பதுதான் இலோகோஸ் சூர். மணிலாவிலிருந்து விகான் நகருக்கு வடக்கு நோக்கி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நிலம் ஒடுங்கியதாக இருந்தபடியால் அங்குள்ள மக்கள் உழைப்பையும் சிக்கனத்தையும் நம்பியே வாழ்ந்தார்கள். இலோகானோ மக்கள் சிக்கனக்காரர் என்ற பெயர் இன்றும் அந்த நாட்டிலே உண்டு.

விகான் என்ற பெயர் வந்த விதம் பற்றி அங்கே ஒரு கதை வழங்குகிறது. ஸ்பானியர் ஒருவர் ஆற்றங்கரையில் நின்ற உள்ளூர்வாசியிடம் ஊரின் பெயர் என்னவென்று கேட்டாராம். அவரோ அருகிலே அடர்ந்து நின்ற செடியின் பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து, 'பிகா' என்றாராம். பிகா என்பது நமது சேம்பு இனத்தைச் சேர்ந்த ஒரு செடி. கேட்டவர் ஒன்றைக் கேட்க, சொன்னவர் வேறொன்றைச் சொல்ல, அதுவே ஊரின் பெயராகிவிட்டது. கதை உண்மையோ பொய்யோ, ஆளவந்தவருக்கும் ஆளப்பட்டவருக்கும் இடையிலான உறவை இதனிலும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

ஸ்பானியர் வருவதற்கு முன்பே இந்தக் கரை வெறுமையாக இருக்கவில்லை. சீன வணிகர் கப்பல்களில் வந்து தங்கள் பொருள்களைக் கொடுத்து, மலையிலிருந்து இறங்கிய பொன்னையும் தேன்மெழுகையும் பெற்றுச் சென்றனர். 1572ஆம் ஆண்டிலே ஹுவான் டி சல்சேடோ என்ற இளம் ஸ்பானியத் தளபதி இங்கு வந்து, அரசன் இரண்டாம் பிலிப்பின் மகன் பெர்னாந்துவின் பெயரால் 'வில்லா பெர்னாந்தினா' என ஒரு நகரை நிறுவினான். பிலிப்பைன்ஸில் ஸ்பானிய ஆட்சியை நிலைநாட்டிய லெகாஸ்பியின் பேரன் இவன். நான்கு ஆண்டுகளில், 1576இல், விகானிலேயே இறந்துபோனான். அரச குமாரனின் பெயர் நிலைக்கவில்லை. சேம்புச் செடியின் பெயரே நிலைத்தது.

மாணவன் அனுப்பிய படத்திலுள்ள வீதியின் பெயர் கயே கிறிசோலோகோ. அங்குள்ள வீடுகளைக் கூர்ந்து பார்த்தால் மூன்று உலகங்கள் ஒன்றாகக் கலந்திருப்பது தெரியும். கீழ்த்தளம் தடித்த செங்கற் சுவர். அது வணிகக் களஞ்சியமாகவும் வண்டி நிறுத்துமிடமாகவும் பயன்பட்டது. மேல்தளம் மரத்தாலானது, குடும்பம் வாழ்ந்தது அங்கேதான். சாளரங்களிலே கண்ணாடிக்குப் பதிலாக, ஒளி ஊடுருவும் மெல்லிய சிப்பி ஓடுகளைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். நகரின் வீதியமைப்பு ஸ்பானியருடையது. வீடுகளைக் கட்டியவர்களிற் பெரும்பாலோர் சீனத் தந்தையருக்கும் உள்ளூர்த் தாய்மாருக்கும் பிறந்த மெஸ்தீசோ வணிக வமிசத்தினர். வேலை செய்த கைகள் இலோகானோ மக்களுடையவை. இந்தக் கலப்பின் சிறப்புக்காகவே 1999ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் விகானை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் இந்த வீதியோடு நின்றுவிடுகிறார்கள். குதிரை வண்டியில் ஒரு சுற்று வருகிறார்கள். அரிசிமாத் தோலுக்குள் பப்பாசிக்காயும் முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த எம்பனாடாவை வாங்கி உண்கிறார்கள். உள்ளூர்த் தறியில் நெய்த துணியொன்றை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அதிலே குற்றமில்லை. ஆனால் நாம் இன்னும் சற்றுத் தூரம் நடப்போம்.

விகானின் அயலூர் பன்டாய். அங்கே ஒரு குன்றின்மேல், தேவாலயத்திலிருந்து விலகித் தனியாக ஒரு மணிக்கோபுரம் நிற்கிறது. 1591ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் இந்தச் செங்கற் கோபுரம் பூசைக்கு மணியடித்ததோடு நில்லாது, கடலிலும் தரையிலும் பகைவர் வருகிறார்களா என்று பார்க்கும் காவற் கோபுரமாகவும் விளங்கியது. 'பன்டாய்' என்ற சொல்லுக்கு இலோகானோ மொழியில் மலை என்று பொருள்; தகாலொக் மொழியில் காவல் என்று பொருள். மலைமேல் நிற்கும் காவலுக்கு இரண்டு பொருளும் பொருந்திவிட்டன. மொழியாசிரியனாகிய எனக்கு இத்தகைய தற்செயல்கள் மிகவும் பிடிக்கும்.

இந்தப் பன்டாயோடு தொடர்புபட்டவர்தான் இலோகானோ இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் பெத்ரோ புக்கானெக். பிறவிக் குருடர். குழந்தையாக இருந்தபோது கூடையொன்றில் வைத்து ஆற்றில் விடப்பட்டார் என்றும், கண்டெடுக்கப்பட்டு அகுஸ்தீன் சபைத் துறவிகளிடம் வளர்ந்தார் என்றும் கதை சொல்கிறார்கள். கர்ணனைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆற்றோடு போயிருக்க வேண்டிய அந்தப் பிள்ளை வளர்ந்து, ஸ்பானியம், இலத்தீன், இலோகானோ மொழிகளில் வல்லவரானார். 1621இல் வெளிவந்த இலோகானோ மொழியின் முதல் அச்சு நூலான ஞானோபதேச நூலின் மொழிபெயர்ப்பிலே துறவி பிரான்சிஸ்கோ லோப்பஸுக்குத் துணை நின்றார். வாய்மொழியாக வழங்கிய 'லாம்-ஆங்' என்ற வீரனின் காவியத்தை எழுத்து வடிவுக்குக் கொண்டுவந்தவரும் அவரே என்பது மரபு. ஓர் இனத்தின் காவியத்தைக் கண்பார்வையற்ற ஒருவர் காத்துத் தந்தார் என்று அந்த மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே ஒரு நினைவுச் சின்னந்தான்.

இனி நகர மத்திக்கு வருவோம். அங்கே நிறுவனர் சல்சேடோவின் பெயரால் ஒரு சதுக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் பேராலயம். அதன் மணிக்கோபுரமும் தனித்தே நிற்கிறது. பூமியதிர்ச்சியில் கோபுரம் விழுந்தாலும் ஆலயத்தின் மேல் விழக்கூடாது என்ற முன்யோசனை அது. மாலை வேளைகளிற் பிள்ளைகள் விளையாடும் அந்தச் சதுக்கத்திலேதான் 1763ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆந் திகதி ஒரு பெண் தூக்கிலிடப்பட்டாள். அவள் பெயர் கேப்ரியேலா சிலாங்.

இந்தக் கதையை விளங்கிக்கொள்ள ஓர் ஆண்டு பின்னே செல்லவேண்டும். அங்கே நமக்கும் ஒரு தொடர்பு காத்திருக்கிறது. ஐரோப்பாவிலே ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஸ்பானியாவோடு பகைகொண்ட ஆங்கிலேயர், ஸ்பானியர் வசமிருந்த மணிலாவைப் பிடிக்கத் தீர்மானித்தனர். அந்தப் படை புறப்பட்டது எங்கிருந்து தெரியுமா? சென்னைப் பட்டினத்திலிருந்து! 1762ஆம் ஆண்டிலே தளபதி டிரேப்பரும் கடற்படைத் தலைவர் கோர்னிஷும் நடத்திச் சென்ற கப்பல்களிலே ஆங்கிலப் படையினரோடு தென்னிந்தியச் சிப்பாய்கள் சில நூறு பேரும் இருந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி மணிலா வீழ்ந்தது. பின்னாளில் அந்தச் சிப்பாய்களுட் சிலர் படையை விட்டு விலகி, மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கைன்டா என்ற ஊரில் உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களின் சந்ததியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

மணிலா வீழ்ந்த செய்தி விகானை எட்டியபோது, அங்கே டியேகோ சிலாங் என்ற முப்பது வயது கடந்த இளைஞன் இருந்தான். குருவானவர் ஒருவரின் கடிதங்களை மணிலாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தவன். அதனால் நாட்டு நடப்பை அறிந்தவன். உங்களால் எங்களைக் காக்க முடியவில்லை, பிறகு எதற்கு வரி என்று கேட்டான். உள்ளூர் மக்களை அதிகாரப் பதவிகளில் அமர்த்துங்கள் என்று கேட்டான். கேட்டதற்குக் கிடைத்த மறுமொழி சிறை. வெளியே வந்தவன் மக்களைத் திரட்டி, ஸ்பானிய அதிகாரிகளை விரட்டி, விகானைத் தலைநகராகக்கொண்டு சுதந்திர இலோகோஸை அறிவித்தான். ஆங்கிலேயர் அவனைத் தங்கள் ஆளாக ஏற்றுப் பட்டமும் கொடுத்தார்கள். படை அனுப்புவதாகவும் சொன்னார்கள். படை மட்டும் வரவில்லை.

1763 மே 28ஆந் திகதி டியேகோவை அவனுடைய நண்பன் ஒருவனே சுட்டுக் கொன்றான். ஏவியவர்கள் ஆட்சியாளரும் தேவாலய அதிகாரிகளும். அதன்பின் மனைவி கேப்ரியேலா தலைமை ஏற்றாள். மலைப்பகுதிக்குச் சென்று அங்குள்ள மக்களைச் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் போரிட்டாள். செப்டெம்பர் 10ஆந் திகதி விகானைத் தாக்கித் தோற்றாள். பத்தாம் நாள் தூக்குமரம்.

இதிலே மிகப் பெரிய அவலம் எது தெரியுமா, நேயர்களே? ஆங்கிலேயரும் ஸ்பானியரும் பாரிஸ் நகரில் சமாதான உடன்படிக்கையிற் கையொப்பமிட்டது 1763 பெப்ரவரி 10ஆந் திகதி. டியேகோ கொல்லப்பட்டபோது அவன் நம்பியிருந்த ஆங்கிலேயர் ஸ்பானியரோடு சமாதானமாகி மூன்று மாதங்களுக்கு மேலாகியிருந்தது. கேப்ரியேலா தூக்கில் ஏறியபோது ஏழு மாதங்கள் கடந்திருந்தன. கப்பல் கொண்டுவர வேண்டிய செய்தி கடலிலே நின்றது. பெரியவர்கள் கைகுலுக்கிய பின்னரும் சிறியவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1764இல் ஆங்கிலேயர் மணிலாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினர். எங்கள் வாசகருக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 1984இல் பிலிப்பைன்ஸ் பெண்கள் இயக்கமொன்று தோன்றியபோது அது கேப்ரியேலா என்ற பெயரையே சூடிக்கொண்டது. சதுக்கத்தின் பெயர் சல்சேடோவினுடையதாகவே இருக்கட்டும்; அங்கு நினைக்கப்படுகிறவள் கேப்ரியேலாதான்.

விகானின் இன்னொரு பகுதியிலே மட்பாண்டச் சூளைகள் இருக்கின்றன. எருமையை மிதிக்கவிட்டுக் களிமண்ணைப் பதப்படுத்தி, 'புர்னாய்' என்னும் தடித்த சாடிகளை அங்கே வனைகிறார்கள். சீனர் கொண்டுவந்த கலை அது. கரும்புச் சாற்றைக் காய்ச்சி, அந்தச் சாடிகளில் ஊற்றிப் புளிக்கவைத்துச் செய்யும் பானத்துக்கு 'பாசி' என்று பெயர். கலியாண வீட்டுக்கும் பாசி, செத்த வீட்டுக்கும் பாசி. அரசாங்கமோ மதுவைத் தன் ஏகபோகமாக்கியது. சொந்தக் கரும்பிற் சொந்தக் கையாற் செய்ததைக் குடிக்கக்கூடாது. அரசாங்கக் கடையிலேதான் வாங்க வேண்டும் என்றது. 1807 செப்டெம்பரிலே மக்கள் கிளர்ந்தெழுந்து வடக்கிலிருந்து விகானை நோக்கி நடந்தனர். சான் இல்தெபோன்சோ என்ற ஊரின் ஆற்றங்கரையில் செப்டெம்பர் 28ஆந் திகதி அவர்கள் முறியடிக்கப்பட்டனர். அதுவரை ஒன்றாயிருந்த இலோகோஸ் மாகாணம் 1818இல் வடக்கு, தெற்கு என இரண்டாக்கப்பட்டது.

இந்தக் கிளர்ச்சியை எஸ்தெபான் வில்லானுவேவா என்ற விகான் ஓவியர் 1821இல் பதினான்கு ஓவியங்களாகத் தீட்டினார். அவை விகானிலுள்ள தேசிய நூதனசாலையிற் பாதுகாக்கப்படுகின்றன. அணிவகுத்து வரும் படைகள், ஆற்றங்கரைச் சண்டை, முடிவிலே தண்டனை என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை கதை சொல்கின்றன. அவ்வாண்டு வானிலே தோன்றிய வால்வெள்ளியும் அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. வென்றவர் பார்வையில் வரையப்பட்டவை அவை. கிளர்ச்சி செய்தால் இதுதான் கதி என்று காட்டும் படங்கள். ஆனால் காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள். அச்சுறுத்துவதற்கு வரைந்த படங்களே இன்று அந்தக் கிளர்ச்சிக்காரர்களின் நினைவை வாழவைக்கும் சாட்சியங்களாகிவிட்டன. மிரட்டியவன் தன்னையறியாமலே ஆவணம் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இலக்கிய ஆர்வலர்களாகிய உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒரு கவிஞரைப் பற்றி. லியோனா புளோரென்டினோ 1849இல் விகானிலே வசதியான குடும்பமொன்றிற் பிறந்தார். பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்குத் திறக்கப்படாத காலம். ஸ்பானிய மொழியைக் குருவானவர் ஒருவரிடம் கற்றார். பதினான்கு வயதில் மணம் செய்து கொடுக்கப்பட்டு, ஐந்து பிள்ளைகளுக்குத் தாயானார். இலோகானோவிலும் ஸ்பானியத்திலும் கவிதை எழுதினார். பிறந்தநாள் வாழ்த்து, கைகூடாத காதல், கேலி என்று பொருள் சிறிதாக இருக்கலாம்; ஆனால் ஒரு பெண் தன் மனதைத் தன் குரலிற் சொன்னதை அந்தச் சமூகம் சிறிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பத்தைப் பிரிந்து தனியே வாழ நேர்ந்தது. 1884இல், முப்பத்தைந்து வயதில் மறைந்தார்.

அவருடைய கவிதைகளில் இருபதுக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. அவற்றை எஞ்சவைத்தவர் அவருடைய மகன் இசபெலோ டி லொஸ் ரெயேஸ். நாட்டார் வழக்காறுகளைத் தேடித் தொகுத்த அவர், தாயின் கவிதைகளையும் தமது நூலிலே சேர்த்துக்கொண்டார். 1887இல் மத்ரித் நகரில் நடந்த பிலிப்பைன்ஸ் கண்காட்சியிலே லியோனாவின் படைப்புகளும் இடம்பெற்றன. இசபெலோ 1889இல் 'எல் இலோகானோ' என்ற பத்திரிகையைத் தொடங்கினார், பிற்காலத்தில் சிறை சென்றார், நாடு கடத்தப்பட்டார், 1902இல் நாட்டின் முதல் தொழிற்சங்கத்தை அமைத்தார். இத்தனைக்கும் நடுவே, தாயின் தாள்களை அழியவிடாமற் பார்த்தது அவர் செய்த தொண்டுகளுட் சிறியதன்று என்பேன். ஏடுகளும் நூல்களும் தீக்கும் கறையானுக்கும் இரையானதை அறிந்த நாம், ஒரு தாளைக் காப்பாற்றுகிறவனின் அருமையை அறிவோம்.

கயே கிறிசோலோகோ என்ற வீதியும் ஓர் எழுத்தாளர் பெயரையே தாங்கி நிற்கிறது. நாடகாசிரியர் மேனா கிறிசோலோகோவின் பெயர் அது. சற்றுத் தள்ளி, அருட்தந்தை ஹொசே புர்கோஸ் பிறந்த வீடு நூதனசாலையாகப் பேணப்படுகிறது. உள்ளூர்க் குருமாருக்குச் சமவுரிமை கேட்ட அவர், தாம் செய்யாத கலகத்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, வேறு இரு குருமாரோடு 1872 பெப்ரவரி 17ஆந் திகதி மணிலாவிலே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். ஹொசே ரிசால் 1891இல் வெளியிட்ட தம் இரண்டாவது நாவலை அந்த மூவருக்குமே காணிக்கையாக்கினார்.

விகானிலிருந்து தெற்கே சென்றால் சாந்தா மரியா என்ற ஊர் வரும். அங்கே குன்றின்மேல் மாதா கோவில். 85 படிகள் ஏறவேண்டும். தடித்த செங்கற் சுவர்களும் முட்டுத் தூண்களுமாக, கோயிலோ கோட்டையோ என்று ஐயுறும்படி நிற்கும் அதனை 1993இலே யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. இன்னும் உள்ளே, மலைப்பக்கம் போனால் திராட் கணவாய். 1899 டிசெம்பர் 2ஆந் திகதி, தப்பிச் செல்லும் தம் ஜனாதிபதி அகினால்டோவுக்கு அவகாசம் கொடுப்பதற்காக, அறுபது பேருடன் அமெரிக்கப் படையை அங்கே மறித்து நின்றான் தளபதி கிரகோரியோ டெல் பிலார். வயது இருபத்துநான்கு. உள்ளூர்வாசி ஒருவன் மாற்று வழியொன்றைக் காட்டிக்கொடுக்க, அமெரிக்கர் மேலேறிச் சுட்டனர். அறுபது பேரில் ஐம்பத்திரண்டு பேர் வீழ்ந்தனர். டெல் பிலாரும் அவர்களுள் ஒருவன்.

அப்படியானால் இத்தனை அலைகளுக்குப் பின்னும் விகான் எப்படி மிஞ்சியது? 1945இல் அமெரிக்கரும் ஜப்பானியரும் மணிலாவில் மோதிக்கொண்டபோது அந்தப் பழைய நகரம் கற்குவியலானது. ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டனர். விகானோ தப்பியது. விகான் மக்கள் அதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். அங்கிருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் உள்ளூர்ப் பெண்ணை மணந்து குழந்தை பெற்றிருந்தாராம். பின்வாங்கும்போது நகரை எரிக்காமல், தன் குடும்பத்தைக் காக்கும்படி குருவானவரிடம் வேண்டிக்கொண்டு போனாராம். ஓர் ஊரை எரிப்பதற்கும் எரிக்காமல் விடுவதற்கும் இடையிலே சில வேளைகளில் ஒரு மனிதனின் பாசம் மட்டுமே நிற்கிறது என்று அந்த மக்கள் இக்கதை மூலம் சொல்ல விரும்புகிறார்கள் போலும்.

இன்னொரு செய்தி கதையன்று, வரலாறு. விகானில் சீக்கியா மாளிகை என்ற பெரிய வீடு உண்டு. பிலிப்பைன்ஸின் ஆறாவது ஜனாதிபதி எல்பிடியோ கிரினோவின் மனைவி அலிசியாவின் குடும்பத்து வீடு அது. கிரினோ பிறந்ததோ விகானின் சிறைச்சாலையில். அவருடைய தகப்பனார் அங்கே சிறைக் காவலர். 1945 பெப்ரவரியில் மணிலாச் சண்டையின்போது கிரினோவின் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஜப்பானியப் படையினர் கொன்றனர். கடைசிப் பிள்ளை சிறு குழந்தை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1953இல், ஜனாதிபதியான அதே மனிதர், போர்க்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருந்த ஜப்பானியர் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு மன்னிப்பு வழங்கினார். நாளை நண்பர்களாகக்கூடிய ஒரு மக்கள்மீதான வெறுப்பைத் தம் பிள்ளைகளும் நாட்டவரும் தம்மிடமிருந்து முதுசமாகப் பெறக்கூடாது என்பதே அவர் சொன்ன காரணம்.

அவர் மறந்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. மனைவியின் வீடு அங்கே நிற்கிறது. பிள்ளைகளின் பெயர்கள் நிற்கின்றன. நினைவை வைத்துக்கொண்டு, வெறுப்பை மட்டும் கைமாற்றிக் கொடுக்க மறுத்திருக்கிறார். இது எளிய காரியமன்று, எல்லாரிடமும் எதிர்பார்க்கக்கூடியதுமன்று. நீதி கேட்பவர்களை மன்னிக்கச் சொல்லி வாயடைப்பதற்கு இவருடைய கதையை எடுத்தாளுவதும் தவறு. இழந்தவன் தானாகக் கொடுத்தான் என்பதிலேயே அந்த மன்னிப்பின் பெருமை இருக்கிறது.

2022ஆம் ஆண்டு யூலை 27ஆந் திகதி காலையில் 7.0 அளவான பூமியதிர்ச்சி அந்தப் பிரதேசத்தை உலுக்கியது. பன்டாய்க் கோபுரத்தின் மேற்பகுதிச் செங்கற்கள் உதிர்ந்து விழுந்தன. விகானின் பேராலயமும் பழைய வீடுகள் பலவும் சேதமுற்றன. பின்னர் திருத்த வேலைகள் நடந்தன. நிலைத்திருப்பதாக நாம் எண்ணும் எதுவும் தானாக நிலைத்திருப்பதில்லை என்பதை அந்தக் காலைப்பொழுது உணர்த்தியது. கல்லையும் ஒருவர் திரும்பத் திரும்ப எடுத்து அடுக்கவேண்டியிருக்கிறது. கதையும் அப்படித்தான்.

இனி என் மாணவனுக்கு: தம்பி, நீ நடந்த ஊருக்கு வராத கரைச்சல் இல்லை. நீ படமெடுத்த சதுக்கத்திலே தூக்குமரம் நின்றது. ஊறுகாய்ச் சாடி என்று நீ நினைத்த சாடிக்குள்ளே ஒரு கிளர்ச்சி நொதித்தது. நீ தேநீர் குடித்த தெருவிலே ஒரு கவிஞர் தனித்துப்போய் இறந்தார். அந்த ஊர் அழகாக இருப்பது துன்பம் வராதபடியால் அன்று. வந்த துன்பத்தை யாரோ ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் எழுதியும் வரைந்தும் சொல்லியும் வைத்தபடியால்.

எங்கள் பக்கத்தில் அப்படியொரு வீதி முழுதாக மிஞ்சவில்லை என்று நீ வருந்துகிறாய். எனக்கும் வருத்தந்தான். ஆனால் லியோனாவின் வீடு அல்ல, அவருடைய இருபது சொச்சக் கவிதைகளே அவரை நமக்குக் கொண்டுவந்தன. அடுத்த விடுமுறைக்கு வரும்போது, உன் அப்பாச்சியிடம் போய் இருந்து, எங்கள் வீதியில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வா. வகுப்பிலே அதை வாசிப்போம்.